‘வூடு’ என்றால் சிரிப்பு, ‘பொண்ணு’ என்றால் சும்மா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ழகரம் செத்துக்கொண்டிருக்கிறது என்று வருந்தும் கடிதங்கள் ஆசிரியர் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. செய்தி வாசித்தவர் ‘தமிள்’ என்றார், மேடையில் பேசியவர் ‘மளை’ என்றார், பழக்கடைக்காரர் ‘வாயப்பயம்’ என்றார் என்று பட்டியல் நீள்கிறது. எழுதுபவர்களின் காது கூர்மையானதுதான். ஆனால் அந்தக் காது எதைப் பிடிக்கிறது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. பேச்சொலியியல் கற்பிப்பதும், ஆள் எடுக்கும் குழுக்களுக்குப் பயிற்சி தருவதும் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இதில் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ஒரே ஒரு ஒலிமாற்றத்தைப் பார்ப்போம். ப, ம, வ ஆகியவை உதட்டில் பிறப்பவை. அவற்றை அடுத்து இ அல்லது எ வந்து, அதற்கும் அடுத்து நாவை மடித்துச் சொல்லும் ட, ண, ள, ழ வந்தால், இடையில் சிக்கிய உயிர் பேச்சில் குவிந்துவிடும். இ உகரமாகும், எ ஒகரமாகும். உதடு குவிந்தாலும் நா மடிந்தாலும் ஒலியின் மேல் அதிர்வெண்கள் கீழே இறங்கும். இரண்டும் இரு பக்கமும் இழுக்கும்போது நடுவில் இருக்கும் உயிருக்கு வேறு வழியில்லை. இப்படித்தான் பெண் ‘பொண்ணு’ ஆனது. பிள்ளை ‘புள்ள’ ஆனது. பிடி ‘புடி’ ஆனது. மிளகாய் பேச்சில் ‘மெளகா’ ஆகி, பிறகு ‘மொளகா’ ஆனது. அதே விதிதான் வீட்டை ‘வூடு’ ஆக்கியது, வேண்டும் என்பதை ‘வோணும்’ ஆக்கியது.

முதல் நான்கையும் நீதிபதியும் பேராசிரியரும் வீட்டில் சொல்கிறார்கள். ‘பொண்ணு பாக்க வந்தாங்க’ என்று சொன்னவரை யாரும் படிக்காதவர் என்று நினைப்பதில்லை. ‘வூட்டாண்ட’ என்று ஒருவர் வாயைத் திறந்தாரோ, கேட்பவர் மனத்தில் அவருடைய தொழில், வசிக்கும் பேட்டை, படிப்பு, சில சமயம் சாதிகூட ஒரே நொடியில் எழுதப்பட்டுவிடுகிறது. விதி ஒன்று, தீர்ப்பு இரண்டு. குறை ஒலியில் இருந்தால் ‘பொண்ணு’ம் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். வடசென்னையிலும் வடமாவட்டங்களிலும் உழைத்துப் பிழைப்பவர்கள் வாயில் ‘வூடு’ அதிகம் கேட்கிறது. நாம் எடைபோடுவது அவர்களை. ஒலி வெறும் சாக்கு.

கடன்சொற்களிலும் இந்த ஓரவஞ்சனை உண்டு. ‘காபி’ என்பதில் ஃப போய்ப் ப வந்துவிட்டது. ஓட்டல் போர்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது, யாருக்கும் உறுத்தவில்லை. ஆனால் ‘ஃபேன்’ என்பதைப் ‘பேன்’ என்றால் இன்டர்வியூவில் ஒரு புருவம் உயரும். ‘ஹோட்டல்’ ஹகரத்தை இழந்து ஓட்டலானது கௌரவம். ‘ஹாஸ்டல்’ ‘ஆஸ்டல்’ ஆனால் கிராமத்துப் பையன். தமிழ் எழுத்தில் வேறுபாடே காட்டாத இடத்திலும் காது சல்லடை போடுகிறது. பஸ், பேங்க், பாஸ்கர் மூன்றுக்கும் நாம் எழுதுவது ஒரே பகரம். அதைப் பாலில் வரும் பகரம்போலக் குரல்வளை அதிர்வில்லாமல் சொல்கிறாரா, அதிர்வோடு சொல்கிறாரா என்பதை வைத்து ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவரா இல்லையா என்று சென்னைக்காரர் முடிவு கட்டிவிடுவார். எதை வைத்து முடிவு கட்டினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

இது தமிழருக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962-இல் நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளில் சோதித்தார். விலை அதிகமான சாக்ஸ், நடுத்தரமான மேசீஸ், மலிவான கிளைன். நான்காம் மாடியில் இருக்கும் பொருள் எங்கே என்று கடை ஊழியரிடம் கேட்பார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று பதில் வரும். காதில் விழாததுபோல மறுபடி கேட்டு, நிதானமாகச் சொல்லவும் வைப்பார். அதில் ரகரத்தை ஒலிக்கிறார்களா விழுங்குகிறார்களா என்பதுதான் கணக்கு. 264 பேரைக் கேட்டதில், ஓரிடத்திலாவது ரகரத்தை ஒலித்தவர்கள் சாக்ஸில் 62 விழுக்காடு. கிளைனில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். நியூயார்க்கில் ரகரத்தை ஒலிப்பது உயர்வு. கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனால் அதே ரகரத்தை விழுங்குவதுதான் உயர்குடிப் பேச்சு. ஒரே ஒலிக்கு இரண்டு ஊரில் நேரெதிர் மதிப்பு.

தமிழ்நாட்டிலும் அப்படியே. ற்ற என்பதைத் த்த ஆக்கி ‘காத்து’, ‘நேத்து’ என்று சொல்வதுதான் சென்னையில் இயல்பு. எழுத்தில் இருப்பதைப்போல் ‘காற்று’ என்று நாக்கை மேல்பல் ஈறில் ஒட்டிச் சொல்லும் யாழ்ப்பாணத்தாரை நாம் ‘வெளியூர்’ என்கிறோம். இங்கே எழுத்துக்கு விசுவாசமானவர்தான் அந்நியர். ழகரத்துக்கு மட்டும் எழுத்து விசுவாசம் கேட்பது ஏன் என்று கடிதம் எழுதுபவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

ழகரத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்கு ஊர் அது மாறுவதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. ழகரத்துக்கு நுனிநா மேலே சுருண்டு பின்வாங்க வேண்டும், ஆனால் அண்ணத்தில் ஒட்டக் கூடாது. இரண்டு நிபந்தனை. சுருளை வைத்துக்கொண்டு ஒட்டிவிட்டால், காற்று நாவின் பக்கவாட்டில் போய் ளகரமாகிறது. மதுரை, நெல்லைப் பக்கம் கேட்பது அது. ஒட்டாமையை வைத்துக்கொண்டு சுருளை விட்டுவிட்டால், நாவின் நடுப்பகுதி எழும்பி யகரமாகிறது. சென்னையின் ‘பயம்’ (பழம்), ‘கெயவி’, ‘எயுந்து’ அதனால் வருபவை. இரண்டும் சமமான இழப்பு. இருந்தும், ‘தமிள்’ என்னும் மதுரைக்காரருக்கு வீரம் என்று பெயர்; ‘பயம்’ என்னும் காசிமேட்டுக்காரருக்குக் கேலி. வடநாட்டுத் தொழிலாளி ‘தமில்’ என்றால் அது தனிக் கேலி. சாதி வாடையும் இதில் உண்டு. 1960-களில் வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலேயே, ழகரத்தையும் ஃப போன்ற கடன்ஒலிகளையும் காப்பாற்றி வைப்பது பிராமணர் பேச்சின் அடையாளங்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதே பேச்சு வேறு இடத்தில் எதிர்ப் பக்கமும் வெட்டும்: ‘நன்றாகப் படித்தவர்’ என்று மதிப்பெண் தரும் அதே காது, ‘நம்மவர் இல்லை’ என்று கழித்தும் விடும். தகுதி, நெருக்கம் இரண்டையும் கேட்பவர் தனித்தனியாகவே எடைபோடுகிறார்.

தாழ்த்தப்படுகிறவரே தன் பேச்சைத் தாழ்வாக நினைப்பதுதான் இதில் கொடுமை. 1960-இல் வாலஸ் லாம்பர்ட்டும் அவர் குழுவினரும் மொன்றியலில், இரண்டு மொழியும் சரளமாகப் பேசுபவர்களை ஒரே பத்தியை ஒருமுறை ஆங்கிலத்திலும் ஒருமுறை பிரெஞ்சிலும் படிக்க வைத்துப் பதிவு செய்தார்கள். ஒரே ஆள்தான் இரண்டையும் படித்தார் என்று கேட்டவர்களுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் படித்தபோது அவர் அறிவாளியாகவும் நம்பகமானவராகவும், உயரமானவராகக்கூடத் தோன்றினார். பிரெஞ்சு பேசும் மக்களே பிரெஞ்சுக் குரலுக்குக் குறைத்து மதிப்பெண் போட்டார்கள். தன் பிள்ளை ‘வூடு’ என்றதும் வாயில் அடிக்கும் வியாசர்பாடித் தாய்க்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

இதெல்லாம் வெறும் சிரிப்போடு முடிந்தால் உங்கள் பக்கத்தை நாங்கள் இவ்வளவு எடுத்துக்கொள்ள மாட்டோம். ஜான் பா என்ற மொழியியலாளர் மூன்று விதமான ஆங்கிலப் பேச்சிலும் கைதேர்ந்தவர். பத்திரிகையில் வந்த வாடகை விளம்பரங்களைப் பார்த்துச் சான்பிரான்சிஸ்கோ பகுதி வீட்டுக்காரர்களுக்கு ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்லிப் போன் செய்தார். வெள்ளையர் அதிகம் வாழும் பகுதிகளில், கறுப்பின, மெக்சிகப் பேச்சுக்கு ‘வந்து பாருங்கள்’ என்ற பதில் வெகுவாகக் குறைந்தது. 1999-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லைக் கேட்டே எந்தப் பேச்சுவகை என்று 70 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘எத்தனை பேரு, என்ன வேலை, நான்வெஜ்ஜா’ என்று கேட்பதற்கு முன்பே, ‘சார், வூடு காலியா இருக்குதுங்களா’ என்ற முதல் வரிக்கே ‘போயிடுச்சுப்பா’ என்று பதில் வந்துவிடும்.

காது கேட்பதில் கண்ணும் கலக்கும். 1992-இல் டொனால்டு ரூபின் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் கேட்டது ஒரே அமெரிக்கக் குரல்தான். திரையில் ஆசிய முகத்தின் படத்தைக் காட்டியபோது அதில் வெளிநாட்டு உச்சரிப்பு ‘கேட்டது’. பாடமும் குறைவாகவே புரிந்தது. ஆக, காது தானாக எதையும் கேட்பதில்லை. எதிர்பார்த்ததையும் சேர்த்துக் கேட்கிறது.

ஆள் எடுப்பவர்களுக்கு இதில் உடனே உதவும் செய்திகள் இரண்டு. ஒன்று, முதல் சறுக்கலுக்குத்தான் கனம் அதிகம். மதிப்பிறங்கிய ஓர் உச்சரிப்பு முதல் தடவை கேட்கும்போது மதிப்பெண் சட்டென்று விழும், அடுத்தடுத்த தடவைகளில் சிறிது சிறிதாகவே விழும் என்று லபோவும் மற்றவர்களும் 2011-இல் காட்டினார்கள். மற்றொன்று, பழகாத உச்சரிப்பைக் கேட்கத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் காது பெரும்பாலும் பழகிவிடுகிறது. தொடக்கத்தில் இருக்கும் தடுமாற்றம் மறைந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்தால் ஒரு நடைமுறை கிடைக்கும். முதல் ஒரு நிமிடத்துக்கு மதிப்பெண் தாளைக் கவிழ்த்து வையுங்கள். ஊர், பயணம், சாப்பிட்டாரா என்று ஏதாவது பேசவிடுங்கள். அதற்குப் பிறகு கேள்வியைத் தொடங்குங்கள்.

அடுத்தது, மதிப்பெண் தாளில் இருக்கும் ‘கம்யூனிகேஷன் ஸ்கில்’ என்ற கட்டம். எல்லா அழுக்கும் அங்கேதான் சேர்கிறது. அதை எடுத்துவிட்டு, ‘கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாரா’, ‘சொன்னது புரிந்ததா’ என்று இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பேச்சு நம் காதுக்கு எவ்வளவு வேறாக ஒலிக்கிறது என்பதும் எவ்வளவு புரிகிறது என்பதும் வெவ்வேறு. 1995-இல் மன்ரோவும் டெர்விங்கும் வேற்றுமொழிக்காரர்களின் ஆங்கிலத்தை வைத்து இதைக் காட்டினார்கள்: ‘உச்சரிப்பு மிகவும் வேறாக இருக்கிறது’ என்று மதிப்பிடப்பட்ட பேச்சையும் கேட்டவர்கள் பிழையில்லாமல் எழுதிக் காட்டினார்கள். ஐயம் வந்தால் நீங்களும் அப்படிச் சோதிக்கலாம். விண்ணப்பதாரர் பேசிய இரண்டு வாக்கியங்களைக் கேட்டபடி தாளில் எழுதுங்கள். எழுத முடிந்தால் புரிதலில் குறையில்லை; உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். முடிந்தால் குழுவில் ஒருவர் குரலையே கேட்காமல், எழுத்தாக்கிய பதிலை மட்டும் படித்து மதிப்பெண் போடட்டும். எழுத்தாக்கும்போது ‘வூடு’ என்பதை ‘வீடு’ என்றே எழுத வேண்டும், இல்லாவிட்டால் பயன் இல்லை. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் வித்தியாசம் வந்தால் பதிவை மறுபடி கேளுங்கள். ‘உச்சரிப்பைப் பார்க்காதீர்கள்’ என்று பொதுவாக அறிவுரை சொல்வது போதாது. வேற்று உச்சரிப்பில் சொன்ன தகவலைக் கேட்பவர்கள் குறைவாக நம்பினார்கள் என்று லெவ்-ஆரியும் கைசாரும் 2010-இல் கண்டார்கள். காரணத்தை முன்கூட்டிச் சொல்லி எச்சரித்தபோது, லேசான உச்சரிப்பு விஷயத்தில் கேட்பவர்களால் திருத்திக்கொள்ள முடிந்தது; அழுத்தமான உச்சரிப்பில் முடியவில்லை. நல்லெண்ணம் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும், மீதிக்கு நடைமுறை வேண்டும்.

இதையெல்லாம் வெளிநாட்டு ஆய்வு என்று தள்ளுகிறவர்கள் சென்னையிலேயே சோதித்துப் பார்க்கலாம். மொழியியல், இதழியல், உளவியல் துறை இருக்கும் எந்தக் கல்லூரியிலும் செய்யக்கூடியது. ‘ஏழாம் தேதி வாழைக்காய் லாரி கோயம்பேடு வரும்’ என்பதுபோல் யாருக்கும் உணர்ச்சி எழாத வாக்கியமாக எடுங்கள். ழகரம், யகரம் இரண்டையும் இயல்பாகச் சொல்லக்கூடிய ஒருவரை இரண்டு விதமாகவும் படிக்க வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். இங்கே வழக்கமாகக் கெடுவது நடிப்பு. ‘மெட்ராஸ் பாஷை’ என்றதும் படிப்பவர் சினிமாக் காமெடியன் ஆகிவிடுவார்; குரல் உயரும், வேகம் கூடும். பிறகு கிடைப்பது யகரத்துக்கான தீர்ப்பு அல்ல, அந்தக் காமெடியனுக்கான தீர்ப்பு. ஆகவே இரண்டாம் பதிவை முழுதாகப் பயன்படுத்தாதீர்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பிராட்’ என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் திறந்து, ழகரம் இருக்கும் துண்டை எடுத்துவிட்டு யகரத் துண்டை ஒட்டுங்கள். மெய்யை மட்டும் வெட்டினால் ஒட்டாது, ஏனென்றால் ழகரத்தின் சுருள் முந்தைய உயிரிலேயே தொடங்கிவிடுகிறது. முன் உயிரின் நடுவிலிருந்து பின் உயிரின் நடுவரை வெட்ட வேண்டும். அலை சுழியைக் கடக்கும் புள்ளியில் வெட்டாவிட்டால் ‘டிக்’ என்று சத்தம் வரும், கேட்பவர் உஷாராகிவிடுவார். கடைசியில் இரண்டின் ஒலியளவையும் 70 டெசிபல் என்று சமமாக்குங்கள்.

கேட்பவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வடிவம் மட்டும் போடுங்கள். குழுவுக்கு முப்பது பேராவது வேண்டும். நடுவில் வேறு ஐந்தாறு பேரின் குரலைக் கலந்து விடுங்கள். ‘இவர் உச்சரிப்பு எப்படி’ என்று கேட்கவே கூடாது. கேட்டால் எல்லாரும் தமிழாசிரியர் ஆகிவிடுவார்கள். ‘இவர் என்ன வேலை பார்ப்பார்’, ‘கணக்கை இவரிடம் ஒப்படைக்கலாமா’, ‘பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் எப்படி’ என்று கேட்டு, ஏழு படி அளவுகோலில் குறிக்கச் சொல்லுங்கள். எதைக் கவனித்தீர்கள் என்று எல்லாம் முடிந்த பிறகு கேளுங்கள். மாணவர்களை மட்டும் வைத்துச் செய்துவிட்டுச் சென்னையே இப்படி என்று எழுதிவிடக் கூடாது. வீட்டுக்காரர்களும் கடை மேலாளர்களும் அதில் இருக்க வேண்டும்.

ழகரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. செய்தி வாசிப்பவருக்கு அது தொழில் கருவி, கற்பதும் எளிது. ‘அட்’ என்று சொல்லி நாவை அப்படியே நிறுத்தி, ஒட்டிய இடத்திலிருந்து மயிரிழை இறக்கிக் குரல் கொடுத்தால் ‘அழ்’ வரும். ஆழம், ஏழை என்று உயிர்களுக்கு நடுவில் முதலில் பழக வேண்டும். வாழ்க்கை, மகிழ்ச்சி பிறகு. ‘தொழிலாளி’, ‘கீழுள்ள’ போன்றவை கடைசியில். ழகரச் சொற்களை மட்டும் வைத்துப் பழகினால் இரண்டு வாரத்தில் ‘மக்கழே’, ‘அவர்கழ்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். பல மேடைகளில் இதைக் கேட்கிறோம். பயிற்சிப் பட்டியலில் பாதி ளகரச் சொற்களாக இருந்தால் இது வராது. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் இந்தப் பயிற்சியைத் தாராளமாகக் கேளுங்கள். பில் போடுபவரிடமும் டெலிவரி கொண்டுவரும் தம்பியிடமும் கேட்க உங்களுக்கு உரிமையில்லை.

கடைசியாக உங்களுக்கும் மற்ற நாளிதழ்களுக்கும் ஒரு வேண்டுகோள். அமைச்சரோ அதிகாரியோ ‘அதெல்லாம் பண்ணிட்டோம்’ என்று சொன்னாலும் அச்சில் ‘அவற்றைச் செய்துவிட்டோம்’ என்றே வருகிறது. மீன் விற்கும் அம்மா சொன்னது மட்டும் ‘இன்னா பண்றது, வூட்டுக்குப் போவோணும்’ என்று அப்படியே அச்சேறுகிறது. அமைச்சரும் ‘பொண்ணு’ என்றுதான் சொல்லியிருப்பார். அதை நீங்கள் ‘பெண்’ ஆக்கிவிடுகிறீர்கள். பேட்டிகளுக்கு ஒரே விதி வையுங்கள்: சொல்லை மாற்றாதீர்கள், உச்சரிப்பை எழுத்துக்கூட்டிக் காட்டாதீர்கள். அவர் ‘நாஷ்டா’ என்றால் நாஷ்டாவே இருக்கட்டும், அது அவருடைய சொல். ‘வூடு’ என்றால் வீடு என்று போடுங்கள். பேச்சுத் தமிழில்தான் போட வேண்டும் என்று ஆசிரியர் குழு நினைத்தால் அமைச்சருடையதையும் பேச்சுத் தமிழிலேயே போடுங்கள். யார் எப்படி உச்சரித்தார் என்பதே சாட்சியமாகும் வழக்குச் செய்திகளுக்கு மட்டும் இதில் விலக்கு தரலாம்.

இப்படிக்கு,
பேச்சொலியியல் பயிற்றுநர்கள் சிலர்,
சென்னை